செக்கிங் அக்கா ஒட்டுன செவப்பு அம்பு

புதுக்கோட்டை மாவட்டத்துல, கடைக்கு வந்த கஸ்டமர்ட்ட "இத வாங்காதீங்க"ன்னு சொல்லியே மாசாமாசம் சம்பளம் வாங்குன ஒரே சேல்ஸ் ஆளு செக்கிங் அக்காதான். இல்லங்குறவய்ங்க நேர்ல வாங்க, பேசிக்குவோம்.

அக்காவுக்கு ரேஷன் கார்டுல ஒரு பேரு இருக்கும். எங்க காலேஜ் ஹாஸ்டல்ல ஒருத்தனுக்கும் அது தெரியாது. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில பன்னெண்டு வருஷம் செக்கிங் செக்ஷன்ல நின்ன ஆளு, அதனால அந்தப் பேரு. தச்சு வர்ற துணிய மேசையில போட்டு, உள்பக்கம் திருப்பி, ஓட்ட இருக்கா, நூலு தொங்குதா, தையல் விட்டிருக்கான்னு பாக்கணும். தப்பு இருக்குற எடத்துல சின்னதா ஒரு செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டணும். அதான் வேல. அக்கா ஒட்டுன அம்பையெல்லாம் வரிசையா வச்சா, கூகுள் மேப்பு இல்லாமலே திருப்பூர்லருந்து திருமயம் வந்துரலாம்.

கல்யாணமாகி இங்க திருக்கோகர்ணம் வந்தப்ப கம்பெனி விட்டுப் போச்சு, அம்பு போகல. பர்ஸுல காசு இருக்கோ இல்லையோ, ஒரு ஷீட் அம்பு இருக்கும். டவுன் பஸ்ஸுல முன் சீட்டுல உக்காந்திருக்குறவரு காலர்ல நூலு தொங்குச்சுன்னா முடிஞ்சது, எறங்கும்போது அவரு முதுகுல அம்போட எறங்குவாரு. ஒரு ரிசப்ஷன்ல மொய் எழுதிட்டு மேடையேறி, மாப்பிள்ள கோட்டுல அம்பு ஒட்டிட்டு எறங்கிருச்சு. போட்டோ ஆல்பத்துல முழுக்க அந்த அம்பு இருக்குன்னு பொண்ணு வீட்டுக்காரவங்க இன்னும் அக்காட்ட பேசுறதில்ல. அக்கா வீட்டுக்காரரு மினி பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டப் பாக்கெட்ல அம்போட அன்னவாசலுக்கும் புதுக்கோட்டைக்கும் போயிட்டு வருவாரு. கேட்டா, "கழட்டுனா தச்சுட்டுத்தான் கழட்டணுமாம் தம்பி"ம்பாரு.

அக்காவுக்கு ஒலகமே மூணு ரகம். பாஸ், ஆல்டர், ரிஜெக்ட். ஆல்டர்னா சரி பண்ணா தேறிரும்னு அர்த்தம். ரிஜெக்ட்னா அம்புட்டுதான். சாம்பார்ல உப்பு கம்மின்னா ஆல்டர். ஊசிப் போச்சுன்னா ரிஜெக்ட். எங்க ஹாஸ்டல் வார்டன ஒருநா ரோட்டுல பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம போயிருச்சு. என்ன ரகம்னு கேட்டோம். "அது பேக்கிங்குக்கே வராதுடா"ன்னுச்சு.

இந்த அக்காவ வேலைக்கு எடுத்தாரே ஒரு மொதலாளி, அவரப் பத்தியும் சொல்லணும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஸ்போர்ட்ஸ் கடை. கடைப் பேரு வேணாம். கேரம் போர்டு, ஷட்டில் பேட்டு, ஸ்கூல் பசங்க ஷூ, அப்பறம் ஒரு செவுரு முழுக்க புட்பால் ஜெர்ஸி. செவுத்துக்கு மேல பெருசா 'ஒரிஜினல்'னு போர்டு. திருப்பூர் எக்ஸ்பீரியன்ஸ்னு கேட்டதும், துணியப் பத்தித் தெரிஞ்ச ஆளு, நல்லா விக்கும்னு நெனச்சுட்டாரு பாவம். துணியப் பத்தித் தெரிஞ்சதுதான் வெனையே.

மொத நாளு ஒருத்தன் வந்து நீல ஜெர்ஸி ஒண்ண எடுத்து, "அக்கா, இது ஒரிஜினலா?"ன்னு கேட்டான்.

"ஏன் தம்பி, ஒரிஜினல் இந்தக் கடைக்கு எதுக்கு வருது, வழி தவறியா?"

அவன் சிரிச்சான். கல்லாவுல இருந்த மொதலாளி சிரிக்கல.

"இங்கிட்டு வாங்க தம்பி, உள்பக்கம் திருப்புங்க. நெஞ்சுல இருக்குற சின்னத்துக்குப் பின்னாடி பேப்பர் பிய்ஞ்சு தொங்குதா? நூலு ஒண்ணுக்கொண்ணு தாவுதா? நல்ல பீஸுன்னா உள்பக்கமும் வெளிப்பக்கம் மாதிரி சுத்தமா இருக்கும். மோந்து பாருங்க."

"மண்ணெண்ண வாட வருதுக்கா."

"அது பிரிண்டிங் மை. ரெண்டு தடவ தொவச்சா நம்பர் உதுந்துரும், பத்தாம் நம்பரு ஒண்ணாம் நம்பரா நிக்கும். வெளாடப் போறீகளா, போட்டோ எடுக்கப் போறீகளா?"

"போட்டோதாங்க்கா."

"அப்ப வாங்குங்க. தண்ணியில மட்டும் காட்டாதீங்க."

இதான் அக்காவோட சேல்ஸ். ஆனா ஒண்ணு கவனிங்க, அவன் வாங்குனான். அது மொதலாளி மண்டையில ஏறவே இல்ல. அவருக்கு 'ஒரிஜினல்'ங்குற வார்த்த மட்டும் இருந்தாப் போதும்.

வேர்ல்டு கப் சீசன் வந்துச்சு. அர்ஜென்டினா ஜெர்ஸி மூட்ட மூட்டையா எறங்குச்சு. மொதலாளி அக்காவக் கூப்புட்டு வச்சுச் சொன்னாரு. "ஏம்மா, சீசன் முடியுற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா வேல கெடையாது. பின்னாடி பேக்கிங் மட்டும் பாரு."

அக்காவுக்கு அந்த வேல வேணும். வீட்டுக்காரரு பஸ்ஸு மாசத்துல பாதி நாளு ஒர்க்‌ஷாப்புல நிக்கும், மக ஏழாவது படிக்குது, வீடு அக்கா சம்பளத்துலதான் ஓடுச்சு. அதனால, "சரிங்க, வாயத் தொறக்கல"ன்னு ஒத்துக்கிருச்சு. ஒத்துக்கிட்ட மாதிரியே வாயத் தொறக்கல. பேக் பண்ற ஒவ்வொரு ஜெர்ஸியிலயும் எங்கெங்க தப்போ அங்கெல்லாம் அம்பு ஒட்டி அனுப்புச்சு. ஊருக்குள்ள அர்ஜென்டினா ஜெர்ஸி பூராம் அம்ம போட்ட மாதிரி திரிஞ்சுச்சு. மூணாம் நாளு மொதலாளி அம்பு ஷீட்டையெல்லாம் புடுங்கி கல்லாவுல வச்சுப் பூட்டிட்டாரு. பாஸ்போர்ட்ட புடுங்குன மாதிரி ஆயிருச்சு அக்கா மொகம்.

இப்ப என் கதைக்கு வாரேன். இத எழுதக் கை கூசுது, ஆனா எழுதித்தான் ஆகணும்.

நானும் அந்தக் கடையிலதான் ஒரு அர்ஜென்டினா ஜெர்ஸி வாங்குனேன். அம்பு புடுங்குனதுக்கு அப்பறம். அக்காதான் பேக் பண்ணிக் குடுத்துச்சு. வாயத் தொறக்காம ஒரு பார்வ பாத்துச்சு. நான் ஹாஸ்டல்ல போயி, துபாய்லருந்து மாமா அனுப்புனதுன்னு அடிச்சு விட்டேன். எனக்கு மாமா உண்டு, பொய்யில்ல. ஆனா அவரு இருக்குறது அறந்தாங்கியில, உரக்கடையில.

என் ரூம்மேட் சரவணன். அன்னவாசல் பக்கம். அவனுக்கு நெசமாவே அண்ணன் ஒருத்தரு கத்தார்ல இருக்காரு, ஏசி மெக்கானிக். அவரு ஒரு ஜெர்ஸி வாங்கி, ஊருக்கு வந்த ஆளுகிட்ட குடுத்து விட்டிருந்தாரு. ரூமே கூடி நின்னு பிரிச்சோம். பிரிச்சதும் எல்லாரும் நெஞ்சுல இருந்த சின்னத்தத் தடவிப் பாத்தோம். தைக்கல. ஒட்டியிருந்துச்சு.

எங்க ஊருல அப்ப ஒரே சட்டம்தான்: தச்சிருந்தா ஒரிஜினல், ஒட்டியிருந்தா டூப்ளிகேட். அந்தச் சட்டத்தப் போட்டது யாருங்குறீங்க? நம்ம மொதலாளிதான். அவரு கடையில எல்லாமே தச்சது. அதனால கஸ்டமர் நகத்தப் புடிச்சு சின்னத்துல சொரண்ட வச்சு, "பாருங்க தம்பி, தையலு. ஒட்டுனதுன்னா பிய்ஞ்சுரும்"பாரு. பாதிக் காலேஜு அவருகிட்ட நகத்தாலதான் படிச்சுச்சு.

சரவணனுக்கு 'ஸ்டிக்கர்'னு பேரு விழுந்துச்சு. வச்சது நாந்தான். என்னோடது தச்சதுல்ல, அந்தத் திமிரு. மெஸ்ஸுல தட்டத் தூக்கிட்டு வந்தான்னா, "டேய் ஸ்டிக்கர், பாத்து, சாம்பார் பட்டா உரிஞ்சுரும்"பேன். அவன் மொதல்ல சிரிச்சான். அப்பறம் சிரிக்கல. ஒருநா போன்ல அண்ணன்ட்ட கத்துறது கேட்டுச்சு.

"கம்பெனிக் கடையில வாங்குனேன்னு எதுக்கு பொய் சொன்ன? ரோட்டுல வாங்குனேன்னு சொல்லியிருந்தா நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்?"

அங்கிட்டு அவரு என்ன சொன்னாரோ தெரியல. இவன் கட் பண்ணிட்டான். அதுக்கப்பறம் நாலு நாளு அண்ணன் கூப்புட கூப்புட எடுக்கல. போனு கட்டில்ல கெடந்து துடிக்கும், இவன் செவுத்தப் பாத்துப் படுத்திருப்பான். வெளையாட்டு வெனையாயிருச்சேன்னு எனக்கே உறுத்துச்சு. ஆனா என்னோடது துபாய் மாமாவாச்சே, வாயத் தொறந்தா நானும்ல மாட்டுவேன்.

அஞ்சாம் நாளு அவனே சொன்னான். "செக்கிங் அக்காட்ட காட்டுவம்டா. அது சொன்னா நான் நம்புறேன். டூப்ளிகேட்டுன்னு சொல்லிட்டா, இத அங்கேயே குப்பையில போட்டுட்டு வாரேன்."

நாங்க ஆறு பேரு போனோம். என் கெரகம், நானும் அந்த 'துபாய்' ஜெர்ஸியப் போட்டுட்டுப் போயிருந்தேன். ஞாயித்துக்கெழம, மேட்ச் நாளு, கடையில கால் வைக்க எடமில்ல. சரவணன் கவரப் பிரிச்சு கல்லா மேல வச்சான். மொதலாளிதான் மொதல்ல எடுத்தாரு. நகத்த வச்சாரு, சிரிச்சாரு, கடைக்கே கேக்குற மாதிரிச் சொன்னாரு.

"ஒட்டுனது தம்பி. ஒங்க அண்ணன யாரோ ஏமாத்திட்டாய்ங்க. இல்லாட்டி ஒங்க அண்ணன் ஒங்கள ஏமாத்திட்டாரு."

கூட்டம் சிரிச்சுச்சு. சரவணன் காதெல்லாம் செவந்து போச்சு. ஜெர்ஸிய உருட்டி கவருக்குள்ள திணிச்சான்.

பின்னாடி அட்டப் பெட்டிக்கு நடுவுலருந்து ஒரு கை நீண்டுச்சு. "குடு."

"ஏம்மா, நீ போயி ஷூவ அடுக்கு"ன்னாரு மொதலாளி.

அக்கா காதுல வாங்கல. ஜெர்ஸிய ஒதறி உள்பக்கம் திருப்புச்சு. பன்னெண்டு வருஷப் பழக்கம், கை அதுபாட்டுக்குப் போகுது. காலரு, தோளு, அக்குளு, சைடு, அடி மடிப்பு. எல்லாம் பத்து செகண்டு. கடைசியா துணிய வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுச்சு. சல்லட மாதிரி குட்டிக் குட்டி ஓட்ட தெரிஞ்சுச்சு.

"தம்பி, ஒங்க அண்ணன் எங்க இருக்காரு?"

"கத்தாருங்க்கா."

மொதலாளி கல்லாவுலருந்து எந்திரிச்சாரு. "ஏம்மா. சொன்னது ஞாபகம் இருக்குல்ல? இன்னும் ஒரு வார்த்த பேசுன, நாளைக்கு வேலைக்கு வராத."

அக்கா அவரப் பாத்துச்சு. சரவணனப் பாத்துச்சு. அந்த ரெண்டு செகண்டுல அக்கா கண்ணுக்குள்ள மக ஸ்கூல் பீஸு ஓடியிருக்கும், ஒர்க்‌ஷாப்புல நிக்குற பஸ்ஸு ஓடியிருக்கும்.

"ஒரு வார்த்தையில முடியாதுங்களே மொதலாளி. எனக்கு நெறைய இருக்கு."

அப்பறம் தொறந்துச்சு பாருங்க வாய.

"நல்லாக் கேட்டுக்கங்க தம்பிகளா. வெளாடுறவன் போடுற ஜெர்ஸியில சின்னத்த ஒட்டித்தான் வைப்பாய்ங்க. தச்சா கனம், நெஞ்சுல ஒராயும். சட்டையும் ஒடம்போட ஒட்டிக் கெடக்கும், ரெண்டு பரோட்டா தின்னுட்டுப் போட்டா மூச்சு முட்டும். காத்துப் போக இந்தா, இம்புட்டு ஓட்ட. கேலரியில உக்காந்து பாக்குறவனுக்குன்னு அதே கம்பெனி இன்னொரு ரகம் விக்கும், அதுல தைப்பாய்ங்க, லூசா இருக்கும். அதுவும் நல்ல பீஸுதான், வெல கம்மி. இந்தத் தம்பியோட அண்ணன் வாங்கிக் குடுத்தது மொத ரகம். நம்ம கடையில இருக்குறது ரெண்டுலயும் சேத்தி இல்ல."

"சும்மா வாயில சொன்னா ஆச்சா?"ன்னாரு மொதலாளி.

"இடுப்புக்கிட்ட உள்பக்கத்துல குட்டியா ஒரு லேபிள் இருக்கும். அதுல ஒரு கோடு நம்பரு. போன்ல போட்டுப் பாருங்க. நல்ல பீஸுன்னா அதே சட்ட வரணும்."

சரவணன் டைப் பண்ணான். அதே ஜெர்ஸி, அதே காலரு, அதே நீலக் கோடு வந்து நின்னுச்சு. பக்கத்துல இருந்தவனெல்லாம் தலைய நீட்டுனாய்ங்க. அக்கா செவுத்துலருந்து ஒரு 'ஒரிஜினல' உருவி அதோட நம்பர ஒருத்தன்ட்ட படிச்சுச்சு. அவன் போட்டான். போன உத்துப் பாத்தான்.

"அக்கா, இது சின்னப் புள்ளைக நீச்சலடிக்குற ஜட்டிக்கா."

இன்னொண்ண உருவுனாங்க. அதே நம்பரு, அதே ஜட்டி. செவுரு முழுக்க ஜட்டி. தடியா ஒருத்தன், ஒரு வாரமா அந்த ஜெர்ஸியக் கழட்டாம சுத்துனவன், பரிதாபமாக் கேட்டான். "அப்ப நான் இம்புட்டு நாளா ஜட்டியவா மேல போட்டுட்டுத் திரிஞ்சேன்?"

அப்பறம் என்ன, கடையில ஜெர்ஸி போட்டிருந்தவன் பூராம் வரிசையா நின்னுட்டான். அக்கா கம்பெனியில நிக்குற மாதிரியே ஒவ்வொருத்தன் சட்ட நுனியத் திருப்பி, படிச்சு, "ஜட்டி. அடுத்து. ஜட்டி. அடுத்து"ன்னு வந்துச்சு. நான் கதவுப் பக்கம் நகந்தேன். எவனோ பின்னாடிருந்து புடிச்சு முன்னால தள்ளி விட்டான். "அக்கா, இவனோடது துபாய் ஐட்டம், இதப் பாருங்க. இவன்தான் சரவணனுக்கு ஸ்டிக்கர்னு பேரு வச்சவன்."

அக்கா என் சட்ட நுனியத் திருப்புச்சு. லேபிளப் படிச்சுச்சு. நிமுந்து என் மொகத்தப் பாத்துச்சு. தானே பேக் பண்ண பீஸு, தெரியாமயா இருக்கும்? சரவணன் எனக்குப் பக்கத்துல ஒரு சாண் தூரத்துல நிக்குறான்.

"இதுல எழுத்து அழிஞ்சிருச்சு. தெரியல"ன்னு சட்டைய எறக்கி விட்டுருச்சு. "அடுத்து."

வாங்கிப் பத்து நாளு ஆகாத ஜெர்ஸிங்க அது.

எல்லாம் முடிஞ்சு, அக்கா கல்லாவுக்குப் போயி, "என் ஷீட்டக் குடுங்க"ன்னு கேட்டுச்சு. மொதலாளி எடுத்துக் குடுத்தாரு. அதுலருந்து ஒரே ஒரு அம்ப உரிச்சு, ஸ்டூலுல ஏறி, செவுத்துல இருந்த 'ஒரிஜினல்' போர்டுல ஒட்டுச்சு. எறங்கி, செருப்ப மாட்டிட்டு, பைய எடுத்துட்டு நடந்துச்சு. வாசல்ல என்னத் தாண்டும்போது எனக்கு மட்டும் கேக்குற மாதிரி ஒரு வார்த்த சொல்லுச்சு.

"ஆல்டர்."

வெளிய சரவணன் ரோட்டோரத்துல நின்னு போன் போட்டான். மொத ரிங்குலயே எடுத்துட்டாரு அண்ணன்.

"அண்ணே. ஒரிஜினல்தாண்ணே."

"அதத்தானடா நானும் சொன்னேன்."

"சரி. சாப்டியா?"

அம்புட்டுதான் பேசுனாய்ங்க. கர்ச்சீப்ப எடுத்து ரொம்ப நேரம் மூஞ்சியத் தொடச்சான். வெயில் ஜாஸ்திங்குறான், வானம் மப்பும் மந்தாரமுமா கெடக்கு.

அக்காவுக்கு வேல போனத ஊரு ரெண்டு நாளு பேசுச்சு. பொழைக்கத் தெரியாத ஆளுன்னாய்ங்க. வாயி இருக்கே, அதான் தின்னுருச்சுன்னாய்ங்க. பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணுன்னாய்ங்க. இப்பச் சொல்றேன், நல்லா எழுதி வச்சுக்கங்க: பொழைக்கத் தெரிஞ்ச ஆளுகதான் எங்க காலேஜு பூராத்துக்கும் ஜட்டி நம்பரு மாட்டி விட்டாய்ங்க. பொழைக்கத் தெரியாத ஒரு ஆளுதான் ஒருத்தன அவன் அண்ணன்ட்ட பேச வச்சுச்சு. எனக்கு எது வேணும்னு நான் முடிவு பண்ணிக்கிறேன். நீங்க சர்டிபிகேட் குடுக்க வேணாம்.

ரெண்டு மாசத்துல அக்கா மொதலாளிக்குத் திருப்பிக் குடுத்துச்சு. அதே கடைக்கு நேரெதிர்ல ஒரு தள்ளுவண்டி. திருப்பூர்லருந்து செகண்ட்ஸ் துணி, அதான் சின்னச் சின்னத் தப்போட ஒதுக்குன பீஸு, அத எறக்கி தொங்க விட்டுச்சு. போர்டு அக்காவே எழுதுனது: 'இங்கு எல்லாமே டூப்ளிகேட். ஒரிஜினல் கேட்டு அசிங்கப்பட வேண்டாம்.' ஒவ்வொரு பீஸுலயும் எங்க தப்போ அங்க அம்பு. ஓட்ட இருந்தா ஓட்டைக்கு ஒரு அம்பு. பாத்து வாங்கிக்க, பொறவு வந்து கேக்காத, அம்புட்டுதான் கண்டிஷன்.

பிச்சுக்கிச்சு. திருவரங்குளத்துலருந்தெல்லாம் டீம் டீமா வந்து வாங்குறாய்ங்க. அம்ப உரிக்காம போடுறதுதான் காலேஜுல கெத்து. எதிர்க் கடை மொதலாளி பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, அவரும் எங்கிட்டோ செவப்பு அம்பு வாங்கி அவரு ஜெர்ஸியில ஒட்டி விக்க ஆரம்பிச்சாரு. பயலுக அங்க போயி, "அண்ணே, இந்த அம்பு ஒரிஜினலா?"ன்னு கேட்டாய்ங்க. அன்னைக்கு சாயங்காலம் கட சீக்கிரம் பூட்டிருச்சு.

நான் இப்ப சென்னையில வேலையில இருக்கேன். சரவணனும் இங்கதான், இன்னும் ரூம்மேட்டுதான். அந்தக் கத்தார் ஜெர்ஸி வெளுத்துப் போயி இன்னும் எங்க கொடியில காயுது. சின்னம் உரியவே இல்ல. போன பொங்கலுக்குக் கூட என்ட்ட கேட்டான், "ஒங்க துபாய் மாமா எப்புடிடா இருக்காரு?"ன்னு. நல்லாருக்காருன்னேன்.

ஊருக்குப் போனா வண்டிப் பக்கம் போவேன். அக்கா காலரத் திருப்பிப் பாக்கும், நூலு இருந்தா வெட்டும். அம்பு ஒட்டுனதே இல்ல. அந்த விஷயத்த அதுவும் கேக்காது, நானும் சொல்ல மாட்டேன். பொய்யே சொல்லாத ஒரு வாயி, வேலைய விட்டாலும் விட்டுச்சு, உண்மைய விடாத ஒரு வாயி, எனக்காக ஒரே ஒருக்கா ஒரு பொய்யச் சொல்லிட்டு நிக்குது. அத எத்தன நாளைக்கு அப்படியே நிக்க விடுறது?

அதனால இங்க வச்சே சொல்றேன். சரவணா, துபாய்ல எனக்கு மாமாவே இல்லடா. அவரு அறந்தாங்கியில உரக்கடையில இருக்காரு. என்னோடதும் ஜட்டிதான். ஸ்டிக்கர்னு ஒன்னியச் சொன்னதுக்கு மன்னிச்சுரு.

அக்கா, ஆல்டர் முடிஞ்சிருச்சு. ஒருக்கா உள்பக்கம் திருப்பிப் பாத்துருங்க.